சிறுநீரகக் கல் வலிக்கு எந்த ஸ்கேன்: அல்ட்ராசவுண்டா, சிடியா, எக்ஸ்ரேவா?

போன மே மாதம், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பெரம்பூரிலிருந்து அக்கா போன் பண்ணினாள். "மாமா துடிக்கிறாருடா. முதுகுல ஆரம்பிச்சு அடிவயிறு வரைக்கும் இழுக்குதாம். ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டார். பக்கத்து கிளினிக்ல ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நேரா சிடியே எடுத்திடலாமா?"

மாமா மாநகரப் பேருந்து ஓட்டுநர், வயது 52. டிரிப்புக்கு நடுவில் ஒன்றுக்குப் போக இடம் கிடைக்காது என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறவர். நான் இருபது வருஷத்துக்கு மேலாக எக்ஸ்ரே, சிடி அறைகளில் வேலை பார்க்கும் ரேடியோகிராபர். சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். 'அல்ட்ராசவுண்ட் அல்லது சிடி கேயூபி' என்று எழுதியிருந்தது. அந்த 'அல்லது' மேல் முடிவெடுக்க வேண்டியவர்கள் வலியில் துடிக்கிறவரும் அவர் வீட்டுக்காரர்களும்தான். சென்னையில் மெயின் ரோட்டுக்கு மெயின் ரோடு ஸ்கேன் சென்டர் இருக்கிறது. ஆனால் எதை எடுப்பது, ஏன் எடுப்பது என்று நின்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். விலை கூடின ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். டாக்டருக்கு இப்போது என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள். கல் இருக்கிறதா, கல்லால் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, கல்லை எப்படி எடுப்பது, ரத்தம் எங்கிருந்து வருகிறது, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் இருக்கிறது. ஒன்றுக்கான படத்தை இன்னொன்றுக்கு எடுத்தால் பணமும் போகும், பதிலும் கிடைக்காது.

அல்ட்ராசவுண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒலி அலைதான், கதிர்வீச்சு கிடையாது. எத்தனை முறை எடுத்தாலும் பயமில்லை, செலவும் குறைவு. சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதை இது நன்றாகவே காட்டும். சிறுநீரகத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஓரளவு பெரிய கல்லையும், சிறுநீர்ப்பையின் வாய்க்கருகே வந்து நிற்கும் கல்லையும் பார்க்கலாம். அதற்கு நடுவில்தான் சிக்கல். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். குடலுக்குப் பின்னால் ஒளிந்து இறங்குகிறது. குடலில் காற்று இருந்தால் ஒலி அலை அதைத் தாண்டாது. அதனால் குழாயின் நடுப்பகுதியில் மாட்டின கல் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தப்பிவிடும். மொத்தமாகப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட கற்களை அது தவறவிடக்கூடும்.

சிடி கேயூபி என்பது கான்ட்ராஸ்ட் ஊசி (உறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் மருந்து) எதுவும் போடாமல், சிறுநீரகத்திலிருந்து பை வரைக்கும் எடுக்கும் சிடி. வெறும் வயிறாக இருக்கத் தேவையில்லை. மேஜையில் படுத்து, "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று நான் சொல்லி முடித்த சில நொடிகளில் படம் முடிந்துவிடும். கல் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டிவிடும். அளவு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும், எங்கே நிற்கிறது என்று தெரியும், எவ்வளவு கெட்டி என்பதும் தெரியும். கல் இல்லாமல் குடல்வாலோ ரத்தக்குழாய் வீக்கமோ வலிக்குக் காரணமாக இருந்தால் அதற்கான தடயமும் பல நேரம் கிடைக்கும்.

அப்படியானால் எல்லாருக்கும் நேராக சிடியே எடுத்துவிடலாமே என்றுதான் அக்கா கேட்டாள். கதிர்வீச்சுதான் அதற்குத் தடை. நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருஷத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு உடம்பில் படுகிறது. வயிற்றுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தால் 1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. வழக்கமான முறையில் எடுக்கும் சிடி கேயூபி 10 வரைக்கும் போகும். அதாவது நாலு வருஷத்து இயற்கைக் கதிர்வீச்சு ஒரே மூச்சில். ஒரு தடவைக்கு இது பெரிய ஆபத்தில்லை. ஆனால் கல் வருகிற உடம்பில் கல் திரும்பத் திரும்ப வரும். முப்பது வயதில் ஆரம்பித்து ஒவ்வொரு வலிக்கும் ஒரு சிடி என்று போனால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். ஐந்து வருஷத்தில் ஏழு சிடி எடுத்த ஒரு இளைஞர் எட்டாவதற்கு வந்து நின்றபோது, முதலில் டாக்டரிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கல்லைத் தேடுவதற்கு மட்டும் கதிர்வீச்சைக் குறைத்து எடுக்கும் முறை, லோ டோஸ் சிடி. 3 மில்லிசீவர்ட் அளவிலேயே முடித்துவிடலாம். படம் கொஞ்சம் பொரிபொரியாக இருக்கும், ஆனால் கல் பளிச்சென்று தெரியும். ரொம்பப் பருமனானவர்களுக்கு மட்டும் இது அவ்வளவாக ஒத்துவராது. கவுன்ட்டரில் பில் போடும்போதே "லோ டோஸ்ல எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அல்ட்ராசவுண்டில் ஆரம்பித்தால் ஏதாவது விட்டுப்போகுமோ என்ற பயம் எல்லாருக்கும் வரும். இதைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வு 2014-இல் வெளியானது. அமெரிக்காவில் 15 அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கல் வலி என்று சந்தேகப்பட்டு வந்த 2,759 பேரில் சிலருக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், சிலருக்கு முதலில் சிடி எடுத்தார்கள். அல்ட்ராசவுண்டில் ஆரம்பித்தவர்களில் ஒரு பகுதிக்குப் பிறகு சிடியும் தேவைப்பட்டது. ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. ஆபத்தான நோய் விட்டுப்போனதிலோ, திரும்ப மருத்துவமனைக்கு ஓடிவந்ததிலோ, வலியிலோ இரு பக்கமும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கதிர்வீச்சு மட்டும் குறைந்தது. ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் முதலில் அல்ட்ராசவுண்ட் என்றுதான் சொல்கிறது.

அதனால் அக்காவிடம், "முதல்ல அல்ட்ராசவுண்டுக்குக் கூட்டிட்டு வாக்கா" என்றேன். ஒரு நிபந்தனையும் சேர்த்துச் சொன்னேன்: காய்ச்சலும் குளிரும் இருந்தாலோ, சிறுநீரே போகாமல் நின்றிருந்தாலோ, ஸ்கேன் சென்டர் பக்கமே வராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி தங்கினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அங்கே முதல் வேலை அடைப்பைத் தாண்டி சிறுநீருக்கு வழி விடுவது. ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கும் இதேதான்.

மாமாவுக்குக் காய்ச்சல் இல்லை. ஆட்டோவில் கூட்டிவந்தாள். இங்கே எங்கள் அவசரத்தில் ஒரு தவறு நடந்தது, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. குழாயின் கடைசிப் பகுதியையும் பையையும் அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டுமென்றால் பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை ஒரு கண்ணாடி ஜன்னல் மாதிரி, அதன் வழியாகத்தான் பின்னால் இருப்பது தெரியும். அதற்காகத்தான் ஒரு மணி நேரம் முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வரச் சொல்கிறோம். மாமா குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியில் போயிருந்தது. பை காலி. காத்திருந்து, வாந்தி நிற்க மருந்து போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்திருக்கலாம். அவர் முனகலைக் கேட்டு நானே டாக்டரிடம் "இப்பவே பார்த்திடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். ரிப்போர்ட்டில் வலது சிறுநீரகத்தில் லேசான வீக்கம், குழாயின் மேல்பகுதி விரிந்திருக்கிறது, கல் தெரியவில்லை, கீழ்ப்பகுதியைப் பார்க்க முடியவில்லை என்று வந்தது. பாதிப் பதில்தான்.

ராத்திரிக்குள் ஊசிக்கும் வலி அடங்காததால் யூராலஜி டாக்டர் லோ டோஸ் சிடி எழுதினார். நானே எடுத்தேன். திரையில் படங்களை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போனால், குழாய் பையில் சேரும் இடத்தில் 6 மில்லிமீட்டருக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அது குழாயின் வாயில் மாட்டியிருக்கிறதா, ஏற்கெனவே பைக்குள் விழுந்துவிட்டதா? மல்லாக்கப் படுத்திருக்கும்போது இரண்டும் ஒரே இடத்தில்தான் தெரியும். "மாமா, கொஞ்சம் குப்புறப் படுங்க" என்று சொல்லி அந்த இடத்தை மட்டும் திரும்ப எடுத்தேன். பைக்குள் விழுந்த கல்லாக இருந்தால் உருண்டு முன்பக்கம் வந்திருக்கும். இது அசையவில்லை. வாயிலேயே மாட்டியிருந்தது. "என்ன மாப்ள, கல்லா?" என்று தலையைத் தூக்கிக் கேட்டார். "கல்லுதான் மாமா, கடைசி வாசல்ல நிக்குது" என்றேன்.

இன்னொரு எண்ணும் அன்றைக்குக் கிடைத்தது. சிடி ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தியை எண்ணாகச் சொல்லும். சிடியை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால்தான் அந்த அளவு அழைக்கப்படுகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. கால்சியம் கற்கள் பெரும்பாலும் 600-க்கு மேல் போகும். 1000-ஐத் தாண்டினால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் வேறு வழி யோசிப்பார்கள். மாமாவின் கல் 400 சொச்சம். யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வகைக் கல் ஒன்றைத்தான் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால் ஓரளவு கரைக்க முடியும். இந்தத் தகவலை அல்ட்ராசவுண்டும் தராது, எக்ஸ்ரேவும் தராது. சிடிக்குக் கொடுத்த காசுக்கு இது பெரிய லாபம்.

எக்ஸ்ரேவின் இடமும் இங்கேதான் புரியும். கல்லைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே நம்பகமான கருவி கிடையாது. சின்னக் கல் மலத்துக்கும் எலும்புக்கும் பின்னால் மறையும். யூரிக் அமிலக் கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சாதாரண எக்ஸ்ரேவில் தெரியாது. அடிவயிற்றின் ரத்தநாளங்களில் இருக்கும் சின்னச் சுண்ணாம்பு உருண்டைகள் கல் மாதிரியே தெரிந்து ஏமாற்றவும் செய்யும். ஆனால் ஏற்கெனவே கண்டுபிடித்த கால்சியம் கல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வாரத்துக்கு வாரம் பார்க்க எக்ஸ்ரே அருமையான, மலிவான வழி. எந்தக் கல்லுக்கு எது என்று எப்படித் தெரியும்? சிடி எடுப்பதற்கு முன்னால் நாங்கள் ஸ்கவுட் என்று ஒரு தட்டையான படம் எடுப்போம். கல் அதிலேயே தெரிந்தால் எக்ஸ்ரேவிலும் தெரியும். மாமாவின் ஸ்கவுட்டில் ஒன்றும் தெரியவில்லை. அதனால் அவருக்கு எக்ஸ்ரே எடுப்பது வீண். அடுத்தடுத்த பரிசோதனைக்கு அல்ட்ராசவுண்ட்தான், அதுவும் பை நிறைய.

கொஞ்சம் வயதானவர்கள் இன்னமும் "ஐவிபி எடுக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். 1929-இல் தொடங்கி அறுபது வருஷத்துக்கு மேல் சிறுநீர்ப் பாதையைப் பார்க்க அதுதான் ராஜா. முந்தின ராத்திரி பேதி மாத்திரை, காலையில் வெறும் வயிறு, நரம்பில் அயோடின் கலந்த மருந்து, வயிற்றில் இறுக்கும் பெல்ட், வரிசையாக எக்ஸ்ரே படங்கள். அடைப்பு இருந்தால் மத்தியானம் வரைக்கும் கூடக் காத்திருக்க வேண்டும். 1995 வாக்கில் ஊசி போடாத சிடி வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இன்றைக்குக் கல் வலிக்கு ஐவிபி தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ரத்தத்தின் கதை வேறு, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். வலியோடு சிறுநீரில் ரத்தம் வந்தால் பெரும்பாலும் கல் அல்லது கிருமி. வலியே இல்லாமல், நாற்பதைத் தாண்டியவருக்கு, அதிலும் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனால், அது ஒரே ஒரு நாளோடு நின்றுவிட்டாலும் சும்மா விடக்கூடாது. பையிலோ பாதையிலோ கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். "சூடு புடிச்சிருக்கும்" என்று இளநீரும் வெந்தயமும் குடித்து ஆறு மாதம் தள்ளிப்போட்டு வந்தவர்களை என் மேஜையில் படுக்க வைத்திருக்கிறேன். அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப் போகும். இந்தக் கேள்விக்கு ஊசி போடாத சிடி கேயூபி பதில் சொல்லாது. 'கல் இல்லை' என்று அது சொல்வதை 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே தேவை சிடி யூரோகிராம். முதலில் ஊசி இல்லாமல், பிறகு ஊசி போட்டு, பத்து நிமிஷம் கழித்து மருந்து சிறுநீரோடு இறங்கும்போது என்று பல கட்டமாக எடுப்பார்கள். கதிர்வீச்சு அதிகம்தான், ஆனால் இந்த இடத்தில் அதைப் பார்க்கக் கூடாது. கூடவே பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டாஸ்கோப்பியும் வேண்டும். பையின் உள்தோலில் இருக்கும் சின்னப் புண்ணையும் கட்டியையும் நேரில் பார்ப்பது அது ஒன்றுதான்.

அந்த ஊசி போடும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், துணியிலேயே சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும். போயிருக்காது, பயப்பட வேண்டாம், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். முன்கூட்டியே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் கேட்பார்கள், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருந்து அதைக் கூட்டிவிடலாம் என்பதால். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும், முன்பு இந்த ஊசியில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தவர்களும் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு முதலும் முக்கியமும் அல்ட்ராசவுண்ட். ஒரு சிக்கல் என்னவென்றால் கர்ப்பத்தில் வலது சிறுநீரகம் தானாகவே கொஞ்சம் விரியும், அது அடைப்பு என்று தோன்றலாம். சந்தேகம் தீராவிட்டால் ஊசி போடாத எம்ஆர்ஐ உதவும். அடைப்பு எங்கே என்று அது காட்டும், கல்லை நேராகக் காட்டுவதில் சுமார்தான். எக்ஸ்ரே அறை வாசலில் "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் விடுவதுதான் தப்பு.

குழந்தைகளுக்கும் அல்ட்ராசவுண்டில்தான் ஆரம்பிக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சலோடு சிறுநீர்க் கிருமி வந்தால், சிறுநீர் பையிலிருந்து மேலே திரும்பி ஏறுகிறதா என்று பார்க்க எம்சியு என்றொரு எக்ஸ்ரே உண்டு. கிருமியால் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க டிஎம்எஸ்ஏ ஸ்கேன். இந்த அணு ஸ்கேன்களில் அளவும் அழகும் தெரியாது, வேலைதான் தெரியும். பெரியவர்களுக்கு எடுக்கும் டிடிபிஏ அல்லது ஈசி ஸ்கேனில் இடது எவ்வளவு சதவீதம், வலது எவ்வளவு சதவீதம் வேலை செய்கிறது என்று எண்ணாக வரும். வீங்கின சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதா, எடுப்பதா என்று முடிவு செய்யும்போது டாக்டர் இதைத்தான் பார்ப்பார். ஊசியில் போகும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மறுநாளைக்குள் அநேகமாகப் போய்விடும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே சில நூறு, அல்ட்ராசவுண்ட் அதைவிடக் கூட, சிடி சில ஆயிரம், ஊசி போட்ட சிடியும் எம்ஆர்ஐயும் அதற்கும் மேலே. தனியாரில் முடியாதென்றால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் எல்லா இடத்திலும் இந்த ஸ்கேன்கள் உண்டு. குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. வரிசை நீளம், காலையிலேயே போக வேண்டும். ஆனால் படத்தின் தரத்தில் குறை சொல்ல முடியாது. எங்கே எடுத்தாலும் பழைய ஃபிலிம், படம் பதிந்த குறுந்தகடு, ரிப்போர்ட் மூன்றையும் பத்திரமாக வைத்து அடுத்த முறை கையோடு கொண்டு போங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பல நேரம் புது சிடி தேவைப்படாமல் போகும்.

ரிப்போர்ட்டில் '2 மிமீ கான்கிரீஷன்' (பொடிக் கல்) என்று பார்த்துவிட்டு ராத்திரி தூங்காதவர்கள் எத்தனையோ பேர். அல்ட்ராசவுண்ட் சின்னக் கல்லைப் பெரிதாகக் காட்டும், சில நேரம் இல்லாத கல்லையும் காட்டும். வலியில்லை, வீக்கமில்லை என்றால் தண்ணீர் குடித்து, டாக்டர் சொன்ன நாளில் திரும்பப் பார்த்தால் போதும். அதற்காக சிடிக்கு ஓட வேண்டாம்.

மாமாவுக்குக் குழாயைத் தளர்த்தும் மாத்திரையும் சிரப்பும் எழுதினார்கள். 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் தானே விழும், அதற்கு மேல் போனால் பாதிக்குப் பாதிதான். வீட்டில் பழைய டீ வடிகட்டி ஒன்றைப் பாத்ரூமில் தொங்கவிட்டாள் அக்கா. மூன்றாவது வாரம் விடியற்காலையில் அதில் மிளகு மாதிரி ஒன்று சிக்கியது. சின்ன டப்பாவில் போட்டு லேபுக்குக் கொடுத்தோம். யூரிக் அமிலம் என்றே வந்தது. "எல்லாம் போயிடுச்சான்னு உறுதியாத் தெரிய இன்னொரு சிடி எடுத்திடலாமா?" என்றாள் அக்கா. "வேணாங்க்கா, தண்ணி குடிக்கச் சொல்லி பத்து மணிக்குக் கூட்டிட்டு வா" என்றேன்.

இந்தத் தடவை மாமா ஒரு லிட்டர் குடித்துவிட்டு, கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஜெல் தடவி புரோபை அடிவயிற்றில் வைத்தார். கறுப்பாக, நிறைந்த பை. கல்லில்லை. வலது சிறுநீரகத்தின் வீக்கம் வடிந்திருந்தது. ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரை ஆன் பண்ணினார். சில நொடிக்கு ஒருமுறை, இடது பக்கத்திலிருந்தும் வலது பக்கத்திலிருந்தும் சிறுநீர் பைக்குள் சிவப்பாகப் பீறிட்டு விழுவது திரையில் தெரிந்தது. "பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருது" என்றார் டாக்டர். மாமா திரையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சார், இப்பவாவது போகட்டுமா?" என்றார்.